பிள்ளைப்பூச்சியின் முதுகு

இன்னும் முப்பத்தெட்டு நிமிடம். மேசைக் கடிகாரத்தை நாற்பதில் வைத்துத் தட்டிவிட்டேன், இரண்டுதான் கழிந்திருக்கிறது, அதற்குள் நான்கு முறை பார்த்துவிட்டேன். மூன்று கண்ணாடித் தட்டுகளில் மூன்று பிள்ளைப்பூச்சிகள். ஐஸ் பெட்டியின் குளிர் இன்னும் விடவில்லை. மண்வெட்டி போன்ற முன்னங்கால்களை மார்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. தூங்குகின்றன என்று சொல்லக் கூடாது, குளிரில் விறைத்த பூச்சி தூங்குவதில்லை, அசைய முடியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆய்வேட்டில் செயலற்ற நிலை என்று எழுதியிருக்கிறேன். நூற்று எழுபத்தாறு பக்கம், கெட்டி அட்டை, அதன் மேல் பொன்னெழுத்தில் கா. தமயந்தி, விலங்கியல் துறை. பதினொரு மணிக்குக் கீழே கருத்தரங்கக் கூடத்தில் எனக்கு வைவா, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. திருச்சியிலிருந்து வந்திருக்கும் வெளித்தேர்வாளர் இந்நேரம் விருந்தினர் விடுதியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் இங்கே மாடியில் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் செய்யச் சொல்லாத ஒரு சோதனையைச் செய்துகொண்டிருக்கிறேன். பூச்சிகள் அறையின் சூட்டுக்கு வரவேண்டும். முதுகில் இருக்கும் ஈரம் முழுக்கக் காயவேண்டும். பிறகு களிமண் குழம்பில் மூன்று எண்ணும்வரை முக்கி எடுத்து, ஒட்டிய மண்ணை நிறுக்கவேண்டும். மண் ஒட்டவில்லை என்றால் நேற்று மதியத்திலிருந்து எனக்குச் சோறு இறங்காதது வெறும் பயம். ஒட்டினால் நான்கு வருடம் வீண். நான்கு வருடம் மட்டுமா. பத்தரைக்குச் சூளையில் அப்பா முன்னால் மண் லாரியின் பெட்டியைத் தூக்கப் போகிறார்கள். அதை இப்போது நினைக்கக் கூடாது. முதலில் பூச்சி. முப்பத்தேழு.

நேற்று மதியம் ஸ்லைடுக்காக ஒரு வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வீடியோ, எல்லோருக்கும் பிடித்த வீடியோ. பூச்சியைக் குழம்பில் முக்கி எடுக்கிறேன், கவசம் போன்ற அதன் முதுகிலிருந்து மண் அப்படியே ஏடு ஏடாக வழுக்கி விழுகிறது, பூச்சி கழுவி எடுத்த பாத்திரம் மாதிரி மின்னுகிறது. கருத்தரங்குகளில் இந்த இடத்தில் ஒரு 'ஆ' வரும். அந்த 'ஆ'வுக்காகத்தான் நான் படம் சரியாகத் தெரிய வேண்டும் என்று பெரிதாக்கினேன். முக்குவதற்கு முன்னால் ஒரு நொடி. முதுகில் ஏதோ மணல் மாதிரி. தூசி என்று நினைத்தேன், இன்னும் பெரிதாக்கினேன். தூசி இல்லை, மணி மணியாக நீர். டீக்கடை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டிலில் வேர்க்குமே, அது மாதிரி. பூச்சி ஓடும், தோண்டும், கையில் நிற்காது, அதனால் பத்து நிமிடம் ஐஸில் வைத்து எடுத்து அளப்போம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், எனக்கு முன்னால் இருந்த சீனியர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார், எல்லாக் கட்டுரைகளிலும் ஒற்றை வரியில் அது வரும், யாரும் அந்த வரியில் நின்று படிப்பதில்லை. நானும் நிற்கவில்லை. மதுரைக் காற்றில் ஐஸிலிருந்து எடுத்த எதுவும் வேர்க்கும். நானூற்றுப் பன்னிரண்டு அளவுகள். நானூற்றுப் பன்னிரண்டு முறையும் ஐஸ். மற்ற வீடியோக்களைத் திறந்தேன். இருந்தது. அடுத்ததில் இருந்தது. இருபதாவது வீடியோவுக்குப் பிறகு திறக்கவில்லை, கை வேர்த்திருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாமா. என்னால் சொல்ல முடியாது. மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சீனியர் வங்கி ஊழியரின் மகன், அவர் களிமண்ணை ஆய்வகத்தில்தான் முதலில் தொட்டார். நான் மானாமதுரைக்குப் பக்கத்தில் செங்கல் சூளையில் வளர்ந்தவள். அம்மா மண் உருட்டுவாள், அப்பா அச்சில் அறைந்து கவிழ்ப்பார், நான் அச்சை நனைத்துக் கொடுப்பேன். அதுதான் என் வேலை, ஏழு வயதில், பள்ளி விட்டு வந்த பிறகு. ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் அச்சைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்து அப்பாவிடம் நீட்டவேண்டும். நனைக்காத அச்சில் மண் விடாது, மூலை உடைந்து வரும், அப்பா உடைந்த கல்லை என் முன்னால் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். ஈரம் இருந்தால் மண் வழுக்கும், இல்லையென்றால் ஒட்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை. பட்டம் வாங்கப் போன இடத்தில்தான் மறந்திருக்கிறேன். மறந்தேனா? அல்லது அந்த அறிவு இங்கே செல்லாது என்று நானே அதைப் பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே செருப்பு மாதிரி விட்டுவிட்டு வந்தேனா? முதல் வருடம் யாராவது அப்பா என்ன வேலை என்று கேட்டால், கட்டுமானத் துறை என்பேன். பொய் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லச் சொல்ல அந்த அச்சும் தொட்டியும் எங்கேயோ போய்விட்டன. நுண்ணோக்கியில் முதுகின் நுண்ணிய மேடுகளைப் பார்த்தேன், வரிசை வரிசையாக, கோலப்புள்ளி மாதிரி, எவ்வளவு அழகு. இதனால்தான் மண் ஒட்டவில்லை என்று எழுதினேன். அழகாக இருந்ததால் நம்பினேன். முப்பத்தொன்று.

கதவு தட்டப்படுகிறது. திறப்பதற்கு முன்பே பாதி உள்ளே வந்துவிடும் ஆள் முனியாண்டி அண்ணன், துறையின் உதவியாளர், இருபத்திரண்டு வருடமாக இந்தத் துறையில் நடந்த எல்லா வைவாவுக்கும் டீ சொன்னவர். "என்ன பாப்பா, மாப்ள பாக்க வர்ற அன்னைக்கிக் கொல்லைல ஒளிஞ்ச மாதிரி இங்க உக்காந்துருக்க? கீழ உங்கம்மா வந்துட்டாங்க. பைய மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்துருக்காங்க, வாங்கி வைக்கிறேன்னு சொன்னாலும் குடுக்க மாட்டேங்கிறாங்க." பையில் பொன்னாடைகள் இருக்கும், தேர்வாளருக்கு ஒன்று, வழிகாட்டி மேடத்துக்கு ஒன்று. "திருச்சி சாருக்குச் சக்கரை இல்லாம டீ. முந்திரி பக்கோடாவா, மிக்சரா?" நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "என்ன கனவா? முந்திரியே சொல்லிர்றேன். போன மாசம் மிக்சர் போட்ட பையனை ஒன்றரை மணி நேரம் வறுத்தெடுத்தாரு ஒரு எக்ஸ்டர்னல்." தட்டுகளை எட்டிப் பார்த்தார். "இன்னுமா இதுகளை விடல நீ? படிச்சு முடிச்சாச்சுல்ல?" முடிந்தது அண்ணே என்றேன். அவர் போன பிறகு முதல் தட்டில் ஒரு பூச்சியின் பின்னங்கால் லேசாக நீண்டு மடங்கியது. சூடு ஏறுகிறது. வெப்பமானியைப் பக்கத்தில் வைத்தேன், இருபத்து நான்கு. அறை இருபத்தொன்பது. இருபத்தாறு நிமிடம்.

இவை ஒவ்வொன்றையும் காலையில் குளிரோடு ஒரு முறை முக்கிப் பார்த்துவிட்டேன். பதினொரு மில்லிகிராம், ஒன்பது, பதினான்கு. அழகான எண்கள், ஆய்வேட்டில் இருக்கும் எண்கள் மாதிரியே. கழுவி, வடிதாளால் ஒற்றி, காய வைத்திருக்கிறேன். அதே பூச்சி, அதே மண், குளிரில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை. மூன்று போதாது என்று யாரும் சொல்லலாம், சொல்வார்கள், நானே சொல்வேன். நேற்று மாலை ஞானசௌந்தரி மேடத்துக்கு ஃபோன் செய்தேன். அவர்தான் என் வழிகாட்டி. சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "தமயந்தி, நீ இப்ப எங்க இருக்க?" விடுதியில் மேடம். "சாப்பிட்டியா?" இல்லை மேடம். "சாப்பிடு. நாளைக்கு வைவா முடியட்டும். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து இதைத் தனி பேப்பரா எழுதலாம். எக்ஸ்டர்னல் கேட்டா மறைக்காத, உள்ளதைச் சொல்லு. கேக்கலைன்னா நீயா வாயத் திறக்காத. புரியுதா?" புரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. இரண்டாம் வருடம் என் உதவித்தொகை நின்றபோது நிர்வாகக் கட்டிடத்தில் மூன்று மாடி ஏறி எனக்காகச் சண்டை போட்டவர். மேடையில் என் ஆங்கிலம் திக்கும்போதெல்லாம் முதல் வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், நான் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே பேசி முடிப்பேன். அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? கேட்டால் சொல். கேட்காவிட்டால் பிறகு சொல். பிறகு என்பதுதான் இடிக்கிறது. பிறகு என்றால் எத்தனை மணிக்கு? பத்தரைக்கு முன்னாலா, பின்னாலா?

பத்தரை. இனிமேல் சுற்றிப் போக முடியாது. ஈரக் களிமண் ஏற்றி வரும் டிப்பர் லாரி பெட்டியைத் தூக்கும்போது மண் இறங்காமல் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் விழுந்து மறு பக்கம் நின்றுவிட்டால் தூக்கிய பெட்டியின் பாரம் ஒரே பக்கமாகி லாரியே சாயும். பக்கத்துச் சூளையில் அப்படிச் சாய்ந்த வண்டியில்தான் தர்மர் மாமாவுக்குக் கால் போனது. அதனால் அப்பாவைப் போன்ற ஆட்கள் முதலிலேயே பெட்டிக்குள் ஏறி, மண்வெட்டியால் ஓரங்களை வழித்துவிட்டு இறங்குவார்கள், அப்புறம்தான் தூக்குவார்கள். என் கட்டுரையைப் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பாலிமர் ஆய்வகத்திலிருந்து இர்ஃபான் என்கிற இளைஞர் கூப்பிட்டார். பூச்சி முதுகின் மேடுகளை அப்படியே ரப்பர் ஷீட்டில் அச்சாக்கலாம், எதற்குப் பயன்படும் சொல்லுங்க என்றார். நான் யோசிக்கவே இல்லை, டிப்பர் என்றேன். என் வாழ்க்கையிலேயே யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அது. ஒரு வருடமாக ஒவ்வொரு ஷீட்டுக்கும் கூப்பிடுவார். "என்னங்க தமயந்தி, பாதி மண்ணுதான் விழுது. உங்க பூச்சி மாதிரி வர மாட்டேங்குது. இன்னும் நைசா அச்சு எடுக்கணுமோ?" எடுங்க என்பேன். இன்னும் நைசாக எடுத்தார். எட்டாவது ஷீட். அதிலும் பாதிதான், லோடின் பாரத்தில் மீதியும் இறங்கிவிடும் என்று இருவரும் நம்பினோம். பூச்சி செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லி ஒரு மனிதனை ஒரு வருடம் அலைய விட்டிருக்கிறேன். நேற்று முன்தினம் அவருடைய ஆட்கள் சூளைக்கு வந்து டிரைவர் செல்லையா அண்ணனின் டிப்பரில் அந்த ஷீட்டைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுப் போனார்கள். இனி யாரும் உள்ளே ஏற வேண்டாம், ஏறாமல் தூக்கிப் பார்ப்பதுதான் சோதனை. இன்று பத்தரைக்கு முதல் லோடு. இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அப்பா. மகள் டாக்டர் ஆகும் நாளில் மகளின் ஷீட்டில் மண் இறங்க வேண்டுமாம், அதைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வருவாராம். சூளைக்காரர்கள் ஃப்ளெக்ஸ் வேறு வைத்துவிட்டார்கள். முனைவர் கா. தமயந்தி, மண்ணின் மகள். பிள்ளைப்பூச்சிப் படம் கிடைக்காமல் கடைக்காரர் பச்சை வெட்டுக்கிளியைப் போட்டிருக்கிறார், அது என் தோளில் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி இருக்கிறது. படம் அனுப்பினார்கள், நானும் சிரித்தேன். நான்கு நாளுக்கு முன்னால்.

பாதி விழும், பாதி நிற்கும். எந்தப் பாதி என்று தெரியாது. ஒன்றுமே விழாத பழைய பெட்டி இதைவிடப் பாதுகாப்பு, ஏனென்றால் யாரும் அதை நம்பவில்லை. இதை நம்புவார்கள். நான் சொன்னதால் நம்புவார்கள். அப்பா பின்னால் நிற்பார், மண் இறங்குவதைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று பெட்டிக்கு வலது பக்கமாக, சக்கரத்துக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. பதினேழு நிமிடம் இருக்கிறது கடிகாரத்தில். பத்தேகால் ஆகும் முடிய, முக்கி, எடை பார்த்து, பத்து இருபது. பிறகு அப்பாவைக் கூப்பிட்டாலும் நேரம் இருக்கிறது. இருக்கிறதா? சூளை முதலாளி முன்கூட்டியே வந்துவிட்டால்? செல்லையா அண்ணன் அவசரக்காரர். ஆனால் இப்போது கூப்பிட்டு என்ன சொல்வது? இருக்கலாம் என்றா? இருக்கலாம் என்று சொல்லி முதலாளி முன்னால், அத்தனை பேர் முன்னால், அப்பாவைத் தலை குனிய வைத்துவிட்டு, கடைசியில் பூச்சி சூட்டிலும் மண் ஒட்டாமல் மின்னினால்? அப்பா ஒரு முறைகூட முதலாளியிடம் எதுவும் கேட்டதில்லை. வண்டியில் ஷீட் போட்டுப் பார்க்கலாமா என்று எனக்காகத்தான் முதல் முதலாகப் போய் நின்றார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. அந்தத் துண்டு. சான்று இல்லாமல் எதையும் சொல்லக் கூடாது என்று நான்கு வருடம் பழகியிருக்கிறேன். சான்று இன்னும் பதினாறு நிமிடத்தில். மண் ஒட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. ஒரு ஆய்வாளர் இப்படி வேண்டிக்கொண்டு அளக்கலாமா, கை சாயும், மூன்றை இரண்டரையாக எண்ணும்.

வாக்கியத்தையாவது தயார் செய்வோம். கூடத்தில் சொல்ல வேண்டி வந்தால். முடிவுகளில் ஒரு சிறிய திருத்தம். சிறிய இல்லை, அடித்துவிடு. முடிவுகளை ஈரப்பதத்தின் பின்னணியில் மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. இது யார் பேசுவது? அடி. அளவிடும் முறையில் நேர்ந்த ஒரு பிசகு. நேர்ந்த என்றால் அதுவாக நேர்ந்ததா, மழை மாதிரி? செய்தது யார்? மூன்றாவது தட்டில் பூச்சி தலையை இடதும் வலதுமாக அசைக்கிறது. முன்னங்கால்களை விரிக்கிறது, கண்ணாடியைத் தோண்டப் பார்க்கிறது, தோண்ட முடியாது என்று தெரியாமல் மறுபடியும் தோண்டுகிறது. உன் முதுகைப் பற்றி எவ்வளவு எழுதிவிட்டேன். நீ ஈரச் சேற்றுக்குள் போவதைக் கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்கில் படம் பிடித்தேன், நீ போவதும் வருவதும் சுத்தமாக இருப்பதும் உண்மை. ஆனால் நீ சேற்றில் நனைந்துகொண்டே போகிறாய், உன் வழியில் எப்போதும் தண்ணீர் இருந்தது. அதுவும் என் வீடியோவில்தான் இருக்கிறது. எல்லாம் என் வீடியோவில் இருக்கிறது. அப்போது நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? பூச்சி எனக்குத் தெரியாத எதையாவது சொல்லப் போகிறதா? நனைத்த அச்சு விடும், காய்ந்த அச்சு விடாது. இந்த எண் வந்துதான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா, இல்லை, எண் வரும்வரை தெரியாதவளாக இருக்க நாற்பது நிமிடம் வாங்கிக்கொண்டேனா? நாற்பது என்று யார் சொன்னது? எந்தக் கட்டுரையிலும் இல்லை. நானே வைத்தது. இந்த அளவு பூச்சி சூடாக இருபது நிமிடம் போதும், ஈரம் காய இருபத்தைந்து. மீதி எனக்காக. இதை யோசித்து முடித்தபோது கடிகாரத்தில் பன்னிரண்டு இருந்தது. ஃபோனை எடுத்துவிட்டேன்.

"தாயி!" என்கிறார் அப்பா. பின்னால் எஞ்சின் உறுமுகிறது. "என்ன, பரிச்சை முடிஞ்சிருச்சா அதுக்குள்ள?" இல்லைப்பா, எங்க இருக்கீங்க? "சூளைலதான். மொதலாளி வந்துட்டாரு. வண்டி ரிவர்ஸ் வந்துக்கிட்டிருக்கு. செல்லையா வண்டிக்கு மாலை போட்டுக் கொண்டாந்துருக்கான் கிறுக்குப் பய, மூஞ்சிக்கெல்லாம் பவுடரு." யப்பா, பெட்டியத் தூக்க வேணாம்னு சொல்லுங்க. "என்னது? சத்தத்துல கேக்கல." தூக்க வேணாம்ப்பா. நான் எழுதினது தப்பு. இருக்கலாம் என்ற சொல் தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன். எஞ்சின் சத்தம் தேய்கிறது, அவர் தள்ளி நடக்கிறார் போலிருக்கிறது. "என்ன தாயி சொல்ற?" பூச்சிய ஐஸ்ல வச்சு எடுத்துத்தான் மண்ணுல முக்குனேன். ஐஸ்ல இருந்து எடுத்தா மேல தண்ணி வேர்க்குதுப்பா. அந்தத் தண்ணியாலதான் மண்ணு ஒட்டல. யாரோ ஒருவர் பின்னால், காத்தமுத்து, நேரமாகுதுய்யா என்று அப்பாவைக் கூப்பிடுகிறார். "அச்சை நனைக்கிற மாதிரியா?" ஆமாப்பா. "நீ நனைச்சவதானே." ஆமாப்பா. அவ்வளவுதான் கேட்டார். உடைந்த கல்லை முன்னால் போடுகிற அதே அமைதி. "ஷீட்டு?" பாதி மண்ணு விழும். மீதி எந்தப் பக்கம் நிக்கும்னு தெரியாது. நீங்க பக்கத்துல நிக்காதீங்க. "சரி. அப்ப நான் ஏறி வழிச்சிர்றேன்." அவரை உள்ளே ஏறாமல் இருக்க வைக்கத்தான் இத்தனையும். நான் ஒரு ஃபோன் செய்து அவரை மறுபடியும் அந்தப் பெட்டிக்குள் ஏற்றுகிறேன். முதலாளிகிட்ட என்னப்பா சொல்வீங்க? "என்னத்தச் சொல்ல. டாக்டரு வேணாங்குதுன்னு சொல்றேன்." இன்னும் ஆகலப்பா. ஆகுமான்னும் தெரியல. "ஃப்ளெக்ஸ்ல ஆயிருச்சுல்ல" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "நீ போயி உள்ளதைச் சொல்லு. நான் வண்டிய நிப்பாட்டுறேன், அந்தக் கழுத தூக்கிரப் போறான்." ஃபோன் வைக்கப்படுகிறது. அவர் ஓடிய சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கேட்டிருக்க முடியாது. இர்ஃபானுக்குச் செய்தி அனுப்பினேன்: ஷீட்டை நம்ப வேண்டாம், பிழை என்னுடையது, மதியம் எல்லாம் சொல்கிறேன். உடனே பார்த்துவிட்டார், இரண்டு நீலக் குறி. எழுதுகிறார் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எதுவும் வரவில்லை.

கடிகாரம் அடித்தபோது நான் அதை எதிர்பார்க்கவில்லை. முதல் பூச்சியின் வால்பக்கம் ஒரு சொட்டு மெழுகு வைத்து ஊசியில் ஒட்டினேன், திமிறியது, நன்றாகச் சூடேறியிருக்கிறது. குழம்பில் முக்கி எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. தூக்கினேன். மண் அங்கேயே இருந்தது. கவசத்தின் மேல் தடிமனாக, பூசிவிட்ட மாதிரி, ஓரத்தில் ஒரு துளி மட்டும் தொங்கி, விழாமல் நின்றது. நூற்று எழுபத்து நான்கு மில்லிகிராம். இரண்டாவது நூற்று அறுபத்தொன்று. மூன்றாவது நூற்றுத் தொண்ணூறு. கதவு திறந்தது, இந்த முறை ஞானசௌந்தரி மேடம், பட்டுப்புடவையில், தலையில் பூவோடு, எனக்காக உடுத்தியது. தட்டுகளைப் பார்த்தார், எடைக்கருவியைப் பார்த்தார். "சூட்டுல பண்ணியா?" ஆமாம் மேடம். "மூணுமா?" மூணும். கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்தார், நீண்ட நேரம் துடைத்தார். "நேத்து நான் சொன்னது ஞாபகம் இருக்கா?" இருக்கு மேடம். "அவர் கேக்க மாட்டாரு. ரிப்போர்ட்ல ஒரு வரி குறை சொல்லல." தெரியும் மேடம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது, என் பெயருக்குப் பக்கத்தில். அதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நேரம் போகிறது. "கன்னத்துல மண்ணு" என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். "கழுவிட்டு வா." அது சரி என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை, கேட்டால் ஏதாவது ஒன்று ஆகிவிடும். பூச்சிகளின் மேல் பிழிபாட்டிலால் தண்ணீர் விட்டேன். மண் ஏடு ஏடாக வழுக்கி விழுந்தது, வீடியோவில் விழுகிற மாதிரியே.

படியிறங்கினேன். கூடத்துக்கு வெளியே நாற்காலியில் அம்மா, பை மடியில். எழுந்து என் முகத்தைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். "உங்கப்பாவ இன்னும் காணோம்" என்றாள். பத்து ஐம்பத்திரண்டு. உள்ளே திரை ஒளிர்கிறது, என் முதல் ஸ்லைடு, பின்வரிசையில் மாணவர்கள் முந்திரிக்காக வந்திருக்கிறார்கள். ஃபோன் இன்னும் பேசவில்லை. நாற்பத்தைந்து நிமிடமாகப் பேசவில்லை. செல்லையா அண்ணன் கேட்டிருக்க மாட்டார். அப்பா ஓடி வருவதைப் பார்த்துக் கைகாட்டுகிறார் என்று நினைத்து லீவரை இழுத்திருப்பார். அப்பா உள்ளே ஏறியிருப்பார், ஏறியது தெரியாமல் இழுத்திருப்பார். நான் கூப்பிட்டதால் ஏறியிருப்பார். நிறுத்து. முனியாண்டி அண்ணன் வாசலில் நின்று, வா வா என்று கை அசைக்கிறார். அப்போதுதான் கையில் ஃபோன் அதிர்ந்தது. "தாயி, பஸ் ஏறிட்டேன்." சுவரில் சாய்ந்துகொண்டேன். என்னப்பா ஆச்சு? "மொதலாளி கேக்கல. கொஞ்சமாத் தூக்கிப் பாப்போம்னாரு. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு ஒரு முழம் தூக்குனோம். இடது பக்கம் கடகடன்னு எறங்கிருச்சு. வலது பக்கம் அசையவே இல்ல. வண்டி ஒரு ஆட்டு ஆடுச்சு பாரு, செல்லையா மாலையப் பிச்சுக்கிட்டு வெளிய குதிச்சுட்டான்." பிறகு? "என்ன பிறகு, மெல்ல எறக்கி, நான் ஏறி வழிச்சேன். எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். நீ உள்ள போ." யப்பா, வலது பக்கம் எவ்வளவு ஒட்டிச்சு? "என்ன எவ்வளவு?" அளவுப்பா. அவர் யோசித்தார், பஸ் கண்டக்டர் யாரையோ உள்ளே தள்ளி நிற்கச் சொல்வது கேட்டது. "முக்காவாசி" என்றார். "நல்லா எழுதிக்க, முக்காவாசி."

எழுதிக்கொண்டேன். குறிப்பேட்டில், மூன்று பூச்சிகளுக்குக் கீழே, தேதி, நேரம், வலது பக்கம், முக்கால்வாசி, அளந்தவர் காத்தமுத்து. உள்ளே போனேன். தேர்வாளர் நல்ல மனிதராகத் தெரிந்தார், வெள்ளைச் சட்டை, பைக்குள் இரண்டு பேனா, என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். மேடம் முதல் வரிசையில் வழக்கமான இடத்தில் இருந்தார், தலை குனிந்து என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்தத் தலை ஆடுமா என்று தெரியாது. தொடங்கலாமா என்றார் தேர்வாளர். ஒலிபெருக்கி கரகரத்தது. அடித்து அடித்து எழுதிய வாக்கியங்கள் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அந்த வீடியோவுக்கு வந்தேன், முக்குவதற்கு முந்தைய நொடியில் நிறுத்தினேன், நேற்றுப் போலவே பெரிதாக்கினேன், திரை முழுக்க நீர்மணிகள் வரும்வரை. "ஐயா, முதலில் இதைச் சொல்ல வேண்டும்" என்றேன். "நானூற்றுப் பன்னிரண்டு முறையும் பூச்சி நனைந்திருந்தது."